அல்லியின் அழுகையை நிறுத்தியவர்

மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஏழுமலையிடமிருந்து அழைப்பு வந்தது. ஏழுமலை, தேவகி அக்காவின் தம்பி. முற்பகல் பதினொன்றரை இருக்கும். “அண்ணாத்த, அக்கா நம்மள வுட்டுட்டுப் போய்டிச்சு” என்றான். வேலை நேரத்தில் வரும் அழைப்புகளை நான் அரைக்காதோடு கேட்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். “எந்த ஊருக்கு?” என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் மறுமுனையில் உடைந்து அழுத பிறகுதான் உறைத்தது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

என் முன்னால் பன்னிரண்டு டேப்லெட்டுகள். பன்னிரண்டிலும் அல்லி. நம் அலுவலகத்துக்கு வெளியே இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அல்லி எங்கள் கணக்கு விளையாட்டில் வரும் பத்து வயதுப் பெண். பிள்ளைகள் கணக்குப் போடும்போது திரையில் கூடவே இருப்பாள். யோசிப்பாள், குழம்புவாள், சிரிப்பாள். அவளை வரைந்தவன் நான். அவள் எப்போது எதை உணரவேண்டும் என்று முடிவு செய்தவர் தேவகி அக்கா. அன்றைக்கு அந்த வகுப்பை முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். பாதிக் கணக்கில் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எழுந்து வந்திருந்தால், அக்கா எங்கே இருந்தாலும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்.

திருப்போரூரில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருந்த நம் பழைய அலுவலகத்துக்கு அவர் வேலை கேட்டு வந்த நாளை மறக்க முடியாது. பிள்ளைகள் எங்கள் விளையாட்டை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவரின் முகத்தில் வலது பாதி அசையவில்லை. பேசினால் வாய் ஒரு பக்கம் மட்டும் திறந்தது, வலது கண் முழுசாக மூடவில்லை. நம் முதலாளி பாபு சார் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அவர் கண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சான்றிதழ் ஃபைலையே பார்த்துக்கொண்டு பேசினார். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “சார், மொகத்துல பாதி லீவுல கீது. மூள முழுசா டூட்டில கீது. நிமிந்து பார்த்துக் கேளுங்க” என்றார். பாபு சார் நிமிர்ந்தார், சிரித்தார், வேலை கொடுத்தார்.

அதற்கு முன் அவர் எட்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம், அவருடைய ஊரான சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியிருக்கிறது. முகவாதம். சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார்கள். பலருக்கும் அப்படித்தான் சரியாகும், இவருக்கு ஆகவில்லை. சின்னப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதாகப் பெற்றோர் சொல்கிறார்கள் என்று சொல்லி, நிர்வாகம் முதலில் அவரை வகுப்பிலிருந்து நூலகத்துக்கு மாற்றியது, பிறகு அலுவலக அறைக்கு, பிறகு வரவேண்டாம் என்றது. இதை ஒரு மதிய உணவு வேளையில், சாப்பிடுவதை நிறுத்தாமலேயே அவர் என்னிடம் சொன்னார்.

“பசங்க பயப்படல தம்பி. நான் எப்ப சிரிக்கிறேன், எப்ப கோவமா கீறேன்னு ரெண்டே நாள்ல கத்துக்கிச்சுங்க. பெரியவங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் புரியல.” அப்புறம் கொஞ்சம் சோற்றைப் பிசைந்துவிட்டு, “மறுபடியும் ஒரு கிளாஸுல நிக்கணும். அவ்ளோதான் எனக்கு” என்றார். வேறு பல பள்ளிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லோரும் சான்றிதழைப் பார்த்து மகிழ்ந்தார்கள், முகத்தைப் பார்த்து ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். ஒரு பொம்மைக்காக இந்த அம்மாள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார் என்று உங்களில் சிலர் அந்த நாட்களில் என்னிடம் கேட்டீர்கள். பதில் இதுதான்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். முதலில் நான் செய்த அல்லி, சரியாகப் போட்டால் துள்ளிக் குதித்துக் கைதட்டுவாள். தப்பாகப் போட்டால் கீழுதடு துடிக்கும், கண் நிறையும், ஒரு சொட்டு மெதுவாகக் கன்னத்தில் இறங்கும். அந்த ஒரு சொட்டுக்கு மூன்று வாரம் உழைத்தேன். அலுவலகமே கூடி நின்று பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேவகி அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

“நல்லா கீது தம்பி. ஆனா இவ இன்னாத்துக்கு அழுவுறா?”

“பிள்ளை தப்பா போட்டா இவளுக்கு வருத்தமா இருக்காதாக்கா? பாசம்தான்.”

“தப்பு போட்டு முழிச்சிகினு கீறது புள்ள. அது இவள வேற சமாதானப்படுத்தணுமா?”

அக்காவுக்கு அனிமேஷன் தெரியாது என்று அன்று மாலையே நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் அக்காவிடம் போய் அதை அப்படியே ஒப்பித்தார். அக்கா, தன் கேரியரிலிருந்து வழக்கமாக எனக்குத் தரும் மீன் குழம்பை ஒரு வாரம் நிறுத்திவைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினத்திலேயே, டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துப் பள்ளியில் விளையாட்டைச் சோதிக்கப் போனோம். பின்னக் கணக்கு. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, அக்காவிடம் காட்டாமல் நானே எழுதிய கேள்வி: ஒரு படகில் நாலு பேர் கடலுக்குப் போனார்கள், பிடித்த மீனைச் சமமாகப் பங்கு போட்டால் ஒருவருக்கு எவ்வளவு? நாலில் ஒன்று என்று குழந்தையும் சொல்லும் என்று நினைத்தேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்தில் ஒன்று என்றார்கள். எல்லாத் திரையிலும் அல்லி அழுதாள். நான் குறிப்பேட்டில், ‘பின்னம் அறவே தெரியவில்லை’ என்று எழுதினேன். எழுதியது இன்னும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

சந்தியா என்று ஒரு பெண். ஐந்தில் ஒன்று போட்டாள், அல்லி அழுதாள். ஆறில் ஒன்று என்று மாற்றினாள், அழுதாள். ஏழில் ஒன்று. அப்போதும் அழுதாள். சந்தியா டேப்லெட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அக்கா எப்போதும் திரையைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் தோளைத்தான் பார்ப்பார். சந்தியாவின் தோள் தொங்கியதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படிப் பங்கு போட்ட? எனக்குக் காட்டு.”

சந்தியா பாவாடை மடியிலிருந்த சிப்பிகளை எடுத்து ஐந்து குவியல் வைத்தாள். “நாலு ஆளுக்கு நாலு. இது போட்டுக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கரையில் மீனைப் பங்கு பிரித்தால் படகுக்கு ஒரு பங்கு உண்டு. அதை எடுத்து வைக்காமல் யாரும் கை வைப்பதில்லை. திருப்போரூரில் நெல் பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை நான், கடலுக்கு அரைமணி தூரத்தில் வளர்ந்தவன், எனக்கு இது தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். தப்பு என் கேள்வியில்.

“அப்ப ஆறு எதுக்கு?” என்று அக்கா கேட்டார்.

“அது அழுதுகினு கீதே டீச்சர். அதுக்கும் மீனு வோணும் போலன்னு ஒரு பங்கு சேத்தேன்.”

“ஏழு?”

“அப்பவும் அழுதுச்சு. அதோட அம்மாவுக்கு ஒரு பங்கு வச்சேன். இன்னா குடுத்தாலும் அழுவுது டீச்சர். எனக்கு வேணாம் இந்த விளையாட்டு.”

வகுப்பே சிரித்தது. நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சார்ஜர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் உழைத்த என் கண்ணீர், ஒரு பத்து வயதுப் பெண்ணுக்குக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தன் பங்கை இன்னும் இன்னும் குறைத்துக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறது.

திரும்பும் வழியில் வேனில் அக்கா சொன்னார்: “நமக்காக அழுவுற பொம்ம வேணாம் தம்பி. நம்மகூட குந்திகினு முழிக்கிற பொம்ம வேணும்.” இதை நம் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாமா என்று பிறகு பாபு சார் கேட்டபோது, “செவுத்துல எழுதாதீங்க, செஞ்சு காட்டுங்க” என்று சொன்னதும் அவர்தான்.

ஆனால் அந்த வாரம் பாபு சார் அப்படியெல்லாம் கேட்கும் மனநிலையில் இல்லை. விளையாட்டுக்கு நிதி தந்த அறக்கட்டளைக்காரர்கள் பத்து நாளில் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் பள்ளிகளுக்குப் போகும், பிடிக்காவிட்டால் அதோடு மூட்டை கட்டவேண்டியதுதான். அழும் அல்லியின் காணொளியை அவர்கள் ஏற்கெனவே பார்த்து உருகியிருந்தார்கள். “அழுகைதாம்மா நம்ம ஹைலைட்டு. அதையே எடுத்துட்டா என்னத்தைக் காட்டுறது?” என்றார் பாபு சார். “அழுவுற அல்லிதான் பசங்ககிட்ட போவும்னா, நான் அவகூடப் போவமாட்டேன் சார்” என்று அக்கா எழுந்து நின்றார். பாபு சார் என்னைப் பார்த்தார். நான்தானே வரைந்தவன். அழுகையை எடுத்துவிடலாம் என்று சொன்ன அந்த ஒரு நிமிடத்தைத் தவிர, அந்த வருடத்தில் நான் உருப்படியாக எதுவும் பேசியதாக நினைவில்லை. ஐந்து நாள் கெடு கிடைத்தது.

கூட உட்கார்ந்து முழிக்கிற முகத்தை எப்படி வரைவது? நான் வரைந்ததெல்லாம் பல்வலிக்காரியைப் போல இருந்தது. இரண்டாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு பிள்ளை பேசும்போது தேவகி அக்கா கேட்கிற விதத்தைக் கவனித்தேன். தலை மெல்ல இடப்பக்கம் சாயும். ஒற்றைப் புருவம் ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மற்றவர்கள் உதட்டாலும் கன்னத்தாலும் செய்வதை அவர் கழுத்தாலும் புருவத்தாலும் செய்யப் பழகியிருந்தார். அதனால் அது பத்து மடங்கு தெளிவாக இருந்தது. நாங்கள் தேடிய முகம் எதிர் மேசையில் உட்கார்ந்து கேரியரைத் திறந்துகொண்டிருந்தது.

படம் பிடிக்கலாமா என்று கேட்டேன். அலுவலகப் புகைப்படங்களில் அவர் எப்போதும் ஓரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார். அன்றைக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்கு நேராக வந்து உட்கார்ந்தார். “வேலைக்கு வர்ற பாதிய எடுத்துக்கோ. லீவுல கீறத வுட்டுடு” என்றார். நான் இரண்டையும் எடுத்தேன். அன்றிலிருந்து அல்லி தலை சாய்த்து யோசிக்கும்போதெல்லாம், அது தேவகி அக்கா. நம் விளையாட்டை விளையாடிய ஒவ்வொரு பிள்ளையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

அல்லியின் இயக்குநராகவும் அவர் சும்மா இருக்கவில்லை. “சீக்கிரம் தலையாட்டாத. பதில் தெரிஞ்ச மூஞ்சிய வச்சிகினு கேள்வி கேக்கக் கூடாது” என்பார். துள்ளலையும் கைதட்டலையும்கூட எடுத்துவிட்டார். “கைதட்டுனா புள்ள கைதட்டலத்தான் பார்க்கும். இத எப்படிக் கண்டுபுடிச்சன்னு கேட்டுப் பாரு, கணக்க இன்னொரு தபா பார்க்கும்.” எல்லாம் சரியாகத்தான் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அல்லி காத்திருக்கும் நேரத்தை நீட்டச் சொல்லி அடம் பிடித்தார். மூன்று வினாடி போதும் என்றேன், பத்து வினாடி வேண்டும் என்றார், வைத்தேன். மாடிக்குக் கீழே விளையாடிய பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினோம். அல்லி தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், இன்னும் காத்திருந்தாள். “ஆன்ட்டி, டேப்லெட்டு செத்துப்போச்சு” என்று ஒருத்தி அணைத்தே விட்டாள். அக்கா மூடாத அந்தக் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிரித்து முடித்து, “அஞ்சு வெச்சுக்கோ” என்று பேரம் பேசினார். நாலில் முடிந்தது.

பார்வையிடும் நாளை அதே சதுரங்கப்பட்டினம் பள்ளியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். பாபு சார் வேறு பள்ளி பார்க்கலாமே என்று கெஞ்சினார். அறக்கட்டளையிலிருந்து வந்த மூவரும் சந்தியாவின் பின்னால் வந்து நின்றார்கள். அதே கேள்வி. சந்தியாவும் சளைத்தவள் இல்லை, அதே ஐந்தில் ஒன்று. அல்லி தலை சாய்த்தாள். புருவம் ஏறியது. நாலு வினாடி. “எப்படிப் பங்கு போட்ட? எனக்கும் காட்டு” என்றாள். சந்தியா விரலால் மீன்களை இழுத்து ஐந்து கூடையில் போட்டு, ஐந்தாவதைப் படகின் மேல் வைத்தாள். அல்லி கண் விரிய நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, போட்டுக்கும் பங்கு உண்டுன்னு நான் மறந்தே பூட்டேன்! நீ சொன்னதுதான் சரி. இன்னிக்கு மட்டும் போட்டுக்குப் பங்கு இல்ல, நாலு ஆளுக்குத்தான்னா எவ்ளோ வரும்?” சந்தியா ஒரு கூடையை எடுத்தாள். நாலில் ஒன்று போட்டாள். அடுத்த கணக்குக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும். மூன்று பெரிய மனிதர்கள் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வந்தவர்களில் ஓர் அம்மாள், இப்படிப் பேச அல்லிக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். பாபு சார் கையைக் காட்டினார். அந்த அம்மாள் அக்காவை நேருக்கு நேர் பார்த்து, “நீங்க டீச்சரா?” என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து சந்தியாவின் குரல் வந்தது. “டீச்சர், இங்க வாங்க. இது எனக்கு வரல.” அக்கா போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல அவருக்குக் கடைசிவரை நேரம் கிடைக்கவில்லை.

விளையாட்டு பள்ளிகளுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு புதுப் பள்ளிக்கும் முதல் நாள் அக்காதான் போவார். கரும்பலகைக்கு முன் நின்று, டேப்லெட்டைத் தொடும் முன் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடம் எங்கள் திட்டத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. யாரும் அதை எடுக்கச் சொல்லவும் துணியவில்லை.

அவர் போன அன்று பிற்பகல் ஏழுமலை என்னிடம் படம் கேட்டான். சுவரொட்டி அடிக்கவேண்டும், வீட்டில் நேர்முகமாக ஒரு படம்கூட இல்லை. என்னிடம் இருந்தது. அல்லிக்காகப் படம் பிடித்த அன்றைக்குக் கேமரா ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, நான் வயரில் தடுக்கி விழப்போனதைப் பார்த்து அவர் சிரித்த ஒரு கணம். இடது பக்கம் முழுக்கச் சிரிப்பு, வலது பக்கம் அசையாமல். அச்சகத்தில் ஏழுமலை திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். “கோணலா கீதே அண்ணாத்த. கம்ப்யூட்டர்ல நேரா பண்ணிடேன். உன் வேலதான அது?”

இரண்டு நிமிட வேலை. “வேணாம்டா. அவங்க சிரிச்சது அப்படித்தான்” என்றேன்.

அச்சகக்காரர் வழக்கம்போல மேலே ஒரு கண்ணும் அதிலிருந்து சொட்டும் நீருமாகப் படம் வைத்திருந்தார். அதை எடுக்கச் சொன்னேன். பெயருக்குக் கீழே அக்காவின் பதவியாக நம் நிறுவனத்தில் போட்டிருந்த நீளமான பெயரை ஏழுமலையிடம் சொன்னேன். “இது இன்னா வேலைன்னு ஊர்ல யாருக்கும் புரியாது” என்றான். அவன் சொல்வது சரிதான். ‘கணக்கு டீச்சர்’ என்று போடச் சொன்னேன். அவன் அதை இரண்டு முறை படித்தான். “அக்காவ வரவேணாம்னு சொன்ன அந்த ஸ்கூல் கேட்டாண்ட ஒண்ணு ஒட்டிடவா?” என்றான். அங்கேதான் முதலில் ஒட்டவேண்டும் என்றேன்.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் எதிரே டீக்கடையில் நின்றேன். ஒருவித வீம்புதான், மறைக்க மாட்டேன். யாராவது அதைக் கிழித்திருந்தால் சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போனேன். கிழிக்கவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள். முதலில் இரண்டு பேர் நின்றார்கள், பிறகு ஏழெட்டுப் பேர். எல்லாம் புதுப் பிள்ளைகள், அக்காவை அறியாதவர்கள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்கள். யூ.கே.ஜி. படிக்கும் வயதில் ஒரு பெண், அண்ணாந்து முகத்தை நன்றாகப் பார்த்தாள். “இந்த டீச்சர் ஒரு சைடா சிரிக்கிறாங்க” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு, தானும் அதேபோல ஒரு பக்கமாகச் சிரித்துப் பார்த்தாள். மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். வேன் ஹாரன் அடித்ததும் ஓடிப்போனார்கள். ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. நான் அங்கே நின்றது பத்து நிமிடம் இருக்கும். தேவகி அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.